இடுப்பளவும் இன்சுலினும்



மருத்துவப் பொருள் ஒன்றைப் பொதுமக்களுக்குப் புரியும்படி பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் விதி. உடல் எடைக்கும் இன்சுலின் எதிர்ப்புக்கும் உள்ள உறவை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், வெளிநோயாளிகள் அறையில் திரும்பத் திரும்ப என் காதில் விழும் இரண்டு கேள்விகள். ஒன்று, "நான் ஒல்லியாத்தானே டாக்டர் இருக்கேன், எனக்கு எப்படி சுகர் வந்துச்சு?" இன்னொன்று, "எங்க அத்தை என்னைவிட எவ்வளவோ குண்டு, அவங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" இரண்டுமே நியாயமான கேள்விகள். எடை கூடினால் சர்க்கரை வரும், எடை குறைந்தால் வராது என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்புகிற மருத்துவரால் இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது. பதில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அந்தப் பதிலில் ஒரு முக்கியமான பங்கு நம் ஊர்களிலேயே, புனேயிலும் சென்னையிலும் கிடைத்தது.

இன்சுலின் எதிர்ப்பு என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சாப்பிட்டதும் சோறும் இட்லியும் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின் தசையிடம் குளுக்கோஸை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. கல்லீரலிடம் இனிச் சர்க்கரையை வெளியே விடாதே என்கிறது. கொழுப்புத் திசுவிடம் சேமித்துக்கொள், கரைக்காதே என்கிறது. இந்தக் கட்டளைகளுக்குத் தசையும் கல்லீரலும் சரியாகக் கட்டுப்படாத நிலைதான் இன்சுலின் எதிர்ப்பு. கணையம் சும்மா இருப்பதில்லை. ஒரு பங்கு இன்சுலினில் முடிய வேண்டிய வேலைக்கு இரண்டு பங்கு, மூன்று பங்கு சுரந்து சமாளிக்கிறது. சமாளிக்கிற வரைக்கும் ரத்தச் சர்க்கரை சரியாகவே இருக்கும், பரிசோதனைத் தாளில் 'நார்மல்' என்றே வரும். பல ஆண்டுகள் இப்படி ஓடும். கணையத்தால் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போதுதான் சர்க்கரை ஏறுகிறது. நாம் அன்றைக்குத்தான் நோய் வந்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதன் பிறகு நீரிழிவு என்றாலே இன்சுலின் பற்றாக்குறை என்று மருத்துவ உலகம் முடிவு கட்டிவிட்டது. 1936இல் லண்டனில் ஹரோல்ட் ஹிம்ஸ்வொர்த் என்பவர் எளிமையான ஒரு சோதனை செய்தார். நோயாளிக்குக் குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, அதே நேரத்தில் சிரையில் இன்சுலினையும் செலுத்தினார். சிலருக்குச் சர்க்கரை ஏறவே இல்லை. சிலருக்கு, உள்ளே போன இன்சுலின் எதுவும் செய்யாததுபோல ஏறிக்கொண்டே போனது. முதல் வகையினர் பெரும்பாலும் இளையவர்கள், மெலிந்தவர்கள். இரண்டாம் வகையினர் வயதானவர்கள், உடல் பருத்தவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள். ஒரே பெயரில் இரண்டு நோய்கள் இருப்பதை அவர் காட்டிவிட்டார். ஆனால் ரத்தத்தில் உள்ள இன்சுலினை அளக்கும் வழி அப்போது இல்லாததால் பலர் நம்பவில்லை. 1960 வாக்கில் நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்க முறையில் அதை அளந்தார்கள். நடுவயதில் நீரிழிவு வந்தவர்களில் பலரிடம் இன்சுலின் இயல்பைவிடக் கூடுதலாக இருந்தது. யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்குள் இறந்துவிட்டார்.

இந்தக் கூடுதல் இன்சுலினை ஆய்வகம் இல்லாமலே கண்ணால் பார்க்கலாம் என்பதை இங்கிருக்கும் இளம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பின்கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் கறுத்து, தொட்டால் வெல்வெட் துணிபோலத் தடித்திருக்கும். சிலருக்கு அந்த இடத்தில் சின்னச் சின்ன மருக்கள் தொங்கும். அழுக்கு என்று நினைத்துக்கொண்டு கடலை மாவு, தயிர், எலுமிச்சை, பீர்க்கங்காய் நார் என்று எல்லாம் போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தாய்மார்கள் "எவ்வளவு சொன்னாலும் கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்க மாட்டேங்கிறா டாக்டர்" என்று அந்தப் பெண் எதிரிலேயே குறை சொல்வார்கள். அந்தப் பெண்ணுக்குப் பெரும்பாலும் மாதவிலக்கும் ஒழுங்காக வராது. கழுத்துக் கருமையும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் பல பெண்களிடம் சேர்ந்தே வருகின்றன. இரண்டிலும் கூடுதல் இன்சுலினுக்குப் பங்கு உண்டு. கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை. சோப்பை மாற்றிப் பயனில்லை, ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

இனி எடைக்கு வருவோம். எடை கூடுவதால் இன்சுலின் எதிர்ப்பு வருகிறதா, இன்சுலின் எதிர்ப்பு இருப்பதால் எடை கூடுகிறதா என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு விடை தருபவை இரண்டு பழைய அனுபவங்கள். 1870இல் பிரஷ்யப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டபோது ரொட்டியும் இறைச்சியும் பங்கீட்டு அளவுக்குச் சுருங்கின. அப்போது தன் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை காணாமல் போவதை அப்பொல்லினேர் பூஷார்தா என்ற மருத்துவர் கவனித்து எழுதினார். இதை நேர்மாறாகச் செய்து பார்த்தவர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஈதன் சிம்ஸ். 1960களில், அங்குள்ள சிறையில் தாமாக முன்வந்த, ஒல்லியான கைதிகளுக்கு மாதக்கணக்கில் அளவுக்கு மீறி உணவு கொடுத்து எடையைச் சுமார் 20 சதவீதம் ஏற்றினார். அவர்களின் ரத்தத்தில் இன்சுலின் ஏறியது. எடை இறங்கியதும் அதுவும் இறங்கியது. ஆகவே எடை கூடுவது இன்சுலின் எதிர்ப்பை உண்டாக்குகிறது என்பதில் ஐயம் இல்லை. கைதிகளை வைத்து அப்படிச் செய்ததை இன்று எந்த அறநெறிக் குழுவும் எளிதில் அனுமதிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பிரான்சின் மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வேக் 1947இல் ஒன்றைச் சுட்டிக்காட்டியிருந்தார். ஒரே அளவு பருத்தவர்களில், வயிறு, கழுத்து, தோள் என்று மேல்பாதியில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு நீரிழிவும் இதய நோயும் அதிகம். இடுப்புக்குக் கீழே, தொடையில் சேர்ந்தவர்களுக்குக் குறைவு. முதல் வகை ஆண்களுக்கு உரியது, இரண்டாம் வகை பெண்களுக்கு உரியது. மாதவிலக்கு நிற்கும் வயதுக்குப் பிறகு பெண்களுக்கும் கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகர்கிறது. அத்தைக்கு ஏன் ஒன்றும் இல்லை என்ற கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது. அத்தையின் கொழுப்பு தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கு அடியில் இருந்திருக்கலாம்.

இதை உறுதிசெய்த ஓர் ஆய்வு 2004இல் வந்தது. அமெரிக்காவில் சாமுவேல் கிளைன் என்பவரின் குழு, உடல் பருமன் கொண்ட 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பை லைப்போசக்ஷன் முறையில் உறிஞ்சி எடுத்தது. ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாக 9, 10 கிலோ கொழுப்பு வெளியேறியது. பத்து கிலோவை உணவாலும் நடையாலும் குறைத்திருந்தால் இன்சுலின் வேலை செய்யும் விதமே மாறியிருக்கும். இங்கே ஒன்றும் மாறவில்லை. சர்க்கரை, இன்சுலின், ரத்த அழுத்தம், எல்லாம் பழைய நிலையிலேயே நின்றன. எடை மெஷினில் எண் குறைந்தது, உடம்புக்குள் எதுவும் குறையவில்லை. அழகு சிகிச்சை நிலையங்களில் தொப்பையை எடுத்துவிட்டால் சுகர் போய்விடும் என்று யாராவது சொன்னால் இந்த ஆய்வை நினைவில் வையுங்கள்.

இதற்கு நேர் எதிர்த் துருவத்தில் ஓர் அரிய நோய் இருக்கிறது. லிப்போடிஸ்ட்ரோஃபி என்று பெயர். பிறவியிலேயே கொழுப்புத் திசு இல்லாத குழந்தைகள். கை கால்களில் தசைநார் எல்லாம் பளிச்சென்று தெரியும், கிள்ளக்கூடச் சதை இருக்காது. உடம்பில் கொழுப்பு இருப்பதுதான் குற்றம் என்றால் இவர்களைவிட ஆரோக்கியமானவர்கள் இருக்க முடியாது. உண்மையில் இவர்களிடம்தான் மிகக் கடுமையான இன்சுலின் எதிர்ப்பைப் பார்க்கிறோம். கழுத்து கறுத்திருக்கும், கல்லீரல் கொழுப்பால் வீங்கியிருக்கும், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறும். சேமிக்க இடம் இல்லாததால் சாப்பிட்ட கொழுப்பு எல்லாம் கல்லீரலுக்கும் தசைக்கும் போய்விடுகிறது.

பருத்தவர்களின் நோயும் கொழுப்பே இல்லாதவர்களின் நோயும் ஒன்றாகிற இடம் இதுதான். அந்தக் காலத்து வீடுகளில் நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்தை எண்ணிப் பாருங்கள். பத்தாயம் பெரிதாக இருந்தால் எத்தனை மூட்டை வந்தாலும் கூடமும் தாழ்வாரமும் சுத்தமாக இருக்கும். பத்தாயம் சிறிதாக இருந்தால், வந்தது சில மூட்டையே ஆனாலும் நிரம்பி வழிந்து கூடத்தில் கொட்டிக் கிடக்கும். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திசுதான் அந்தப் பத்தாயம். அது நிரம்பிய பிறகு கொழுப்பு போகும் இடங்கள் குடலைச் சுற்றிய உள்வயிறு, கல்லீரல், தசை, கடைசியில் கணையம். தசைச் செல்லுக்குள்ளும் கல்லீரல் செல்லுக்குள்ளும் புகுந்த கொழுப்பின் சில துணைப்பொருட்கள் இன்சுலினின் கட்டளை உள்ளே போகும் பாதையைத் தடுக்கின்றன. நிரம்பி வீங்கிய கொழுப்புச் செல்களைச் சுற்றி அழற்சியும் தொடங்குகிறது. வயிற்று ஸ்கேன் தாளில் "கிரேடு 1 ஃபேட்டி லிவர்" என்று எழுதியிருப்பதை, எல்லாருக்கும் இருப்பதுதானே என்று மடித்து வைத்துவிடுகிறோம். பத்தாயம் வழியத் தொடங்கியதற்கு அந்த ஒரு வரி சாட்சி.

எவ்வளவு எடையில் வழியும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்து ராய் டெய்லர் இதைத் தனிநபர் கொழுப்பு வரம்பு என்கிறார். ஒருவருக்கு 110 கிலோவில் வழியலாம், இன்னொருவருக்கு 62 கிலோவிலேயே வழியலாம். நம் மக்களில் பலர் இந்த இரண்டாமவரைப் போன்றவர்கள்.

இதை முதலில் கவனிக்க வைத்தது லண்டன். நகரின் மேற்கே சவுத்ஹாலில் குடியேறிய இந்திய, பாகிஸ்தானிய மக்களையும் அங்குள்ள ஐரோப்பியர்களையும் ஒப்பிட்டு 1991இல் பால் மெக்கீக் குழுவினர் ஆய்வு வெளியிட்டனர். தெற்காசியரிடம் வயிற்றுப் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் சேர்ந்தே அதிகமாக இருந்தன. பிறகு புனேயின் டாக்டர் சி. எஸ். யாஜ்னிக் 2004இல் லான்செட் இதழில் ஒரே ஒரு படத்தை வெளியிட்டார். அவரும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண், 22.3. இருவருமே புத்தகத்தின்படி சரியான எடை. உடம்பில் கொழுப்பின் பங்கை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நீண்ட விரிவுரைகளால் முடியாததை அந்த ஒரு படம் உலகத்துக்குச் சொன்னது. ஒரு மருத்துவர் தன் உடம்பையே எடுத்துக்காட்டாக வைத்ததில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

யாஜ்னிக் அங்கே நிற்கவில்லை. எங்கே தொடங்குகிறது இது என்று பின்னோக்கிப் போனார். புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறிது. ஆனால் முதுகுத் தோலுக்கு அடியில் அளந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க மெலிந்த குழந்தை, உள்ளே கொழுப்பு சேர்த்த குழந்தை. கர்ப்ப காலத்தில் தாய்க்குக் கிடைக்காத ஊட்டம், கருவில் இருக்கும் பிள்ளையின் தசையைக் குறைத்து, நாற்பது வயதில் அதன் இன்சுலினைப் பாதிக்கக்கூடும். ஆகவே ஒருவருக்கு நீரிழிவு வந்தால் "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று பழிப்பது அறிவியலுக்கும் பொருந்தாது, மனிதத் தன்மைக்கும் பொருந்தாது. ஊட்டத்தைப் போலவே தாயின் சர்க்கரையும் பிள்ளையைப் பாதிக்கும் என்பதால், ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். "தித்திப்பா குமட்டுதும்மா" என்று முகம் சுளிக்காமல் அந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். அது தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துச் செய்யும் சோதனை.

இந்த ஆய்வுகளின் விளைவாக அளவுகோல்கள் மாறின. ஐரோப்பியர்களுக்கு பி.எம்.ஐ. 25இல் அதிக எடையும் 30இல் பருமனும் தொடங்குகின்றன. ஆசிய மக்களுக்கு 23இலேயே கவனம் தேவை என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூறியது. இந்திய மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட கூட்டறிக்கையில், 23இலிருந்து அதிக எடை, 25இலிருந்து பருமன் என்றும், இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை என்றும் வகுத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காகச் சென்னையிலிருந்து நடத்தப்பட்டு 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி என்று தெரிந்தது. பி.எம்.ஐ. கணக்கில் பருமனானவர்கள் 28.6 சதவீதம், இடுப்பளவுக் கணக்கில் 39.5 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். எடையை மட்டும் பார்த்துச் சரி என்று அனுப்பிவிடக்கூடிய கோடிக்கணக்கான மக்கள் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள்.

அப்படி ஒருவரை உங்கள் முன் நிறுத்துகிறேன். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், உயரம் 165 சென்டிமீட்டர், எடை 60 கிலோ. பி.எம்.ஐ. 22. கை கால் மெலிந்திருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும். சட்டையை மேலே தூக்கச் சொன்னால் வயிறு மட்டும் முன்னால் நிற்கும். "கல்யாணத்தப்போ போட்ட 32 சைஸ் பேன்ட்தான் டாக்டர் இன்னமும் போடுறேன்" என்பார். உண்மைதான். பெல்ட் தொப்பைக்கு மேலே இருந்து தொப்பைக்குக் கீழே இறங்கிவிட்டதால் சைஸ் மாறவில்லை. அரைஞாண் கயிறு கட்டியிருப்பவர்களிடம் இன்னும் தெளிவாகத் தெரியும். கயிறு கீழே வழிந்து போயிருக்கும். டேப்பை வைக்க வேண்டிய இடம் பேன்ட் போடும் இடம் அல்ல. விலா எலும்பின் கடைசி விளிம்பையும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டு, இரண்டுக்கும் நடுவில் வைக்க வேண்டும். பலருக்குத் தொப்புளை ஒட்டி வரும். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் பார்க்க வேண்டும். இவருக்கு 93 சென்டிமீட்டர் வருகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 98, நார்மல். அதே ரத்தத்தில் இன்சுலின் 18. இரண்டையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் 4.4 வருகிறது. இன்சுலின் எதிர்ப்பை மதிப்பிட ஆக்ஸ்ஃபோர்டில் 1985இல் உருவாக்கிய கணக்கு இது. எல்லை எது என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும் 4.4 கூடுதல் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இவர் கணையம் இரட்டிப்பு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்சுலின் பரிசோதனையை எல்லாரும் செய்துகொள்ள வேண்டியதில்லை, காசு வீண். டேப் சொன்னதையேதான் அதுவும் சொல்லப்போகிறது. டேப்பும் இல்லையென்றால் ஒரு நூலில் உங்கள் உயரத்தை அளந்து, அதைப் பாதியாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். எட்டவில்லை என்றால் கவனிக்க வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள்.

என்ன செய்வது? இங்கேதான் நம்பிக்கை தரும் செய்திகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்து 2002இல் வெளியான ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இரண்டு இலக்குகளால் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ ஆளுக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோ. சினிமா நடிகர்போல் ஆக வேண்டியதில்லை. முதலில் கரைவது கல்லீரலில் வழிந்து கிடக்கும் கொழுப்பு என்பதால், சின்னக் குறைவுக்கும் பெரிய பலன்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். எந்தத் தலையீடும் இல்லாத பிரிவில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடையும் உணவு மாற்றமும் சொல்லித் தரப்பட்ட பிரிவில் 39.3 சதவீதம். அந்தப் பிரிவில் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடை குறையாமலே நோய் தள்ளிப்போனது! "ரெண்டு மாசமா நடக்கிறேன், அரைக் கிலோகூடக் குறையல, விட்டுட்டேன்" என்று சொல்கிற ஒவ்வொருவரிடமும் நான் இந்த ஆய்வைச் சொல்கிறேன். வேலை செய்யும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை அந்தத் தசை இன்சுலினுக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. இது எடை மெஷினில் தெரியாது. நம் உடம்பில் பிறவியிலேயே தசை குறைவு என்பதால் நடையோடு, வாரத்தில் சில நாளாவது உட்கார்ந்து எழுவதும் கனம் தூக்குவதும் வேண்டும். தட்டில் சோற்றைக் குறைத்த இடத்தில் சுண்டல், பயறு, முட்டை, மீன் வர வேண்டும். சோற்றை மட்டும் குறைத்துவிட்டு அந்த இடத்தைச் சப்பாத்தியால் நிரப்புவதில் பயன் அதிகமில்லை.

நோய் வந்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு. ராய் டெய்லர் 2011இல் 11 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 600 கலோரி மட்டும் தந்து எட்டு வாரம் வைத்திருந்தார். ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியானது. கல்லீரல் கொழுப்பு 12.8 சதவீதத்திலிருந்து 2.9 சதவீதத்துக்கு இறங்கியது. பிறகு கிளாஸ்கோவின் மைக் லீனோடு சேர்ந்து நடத்தி 2017இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், தீவிர எடைக் குறைப்புப் பிரிவில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் மருந்தில்லாமல் நீரிழிவு தணிந்த நிலையில் இருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். பார்க்க ஒல்லியானவர்களிடமும் 2023இல் இதையே முயன்று பார்த்தார்கள். 20 பேரில் 14 பேருக்கு நோய் தணிந்தது. எல்லாரிடமும் ஒரே பத்தாயக் கணக்குத்தான் என்பதற்கு இது வலுவான சான்று. அதற்காக நாளை காலையிலிருந்து நீங்களாகவே 600 கலோரியில் இறங்கிவிடாதீர்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருப்பவர் உணவை இப்படி வெட்டினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும். நீரிழிவு வந்து பல ஆண்டுகள் ஆனவர்களுக்குக் கணையம் மீளும் வாய்ப்பும் குறைவு. மருத்துவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியது இது.

இன்னொரு எச்சரிக்கை. "போன மாசம் ஆறு கிலோ தானா குறைஞ்சிடுச்சு" என்று மகிழ்ச்சியோடு சொல்பவர்கள் உண்டு. முயலாமல் குறைந்த எடை நல்ல எடைக் குறைவு அல்ல. தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்திருந்தால், கட்டுப்படாத சர்க்கரை தசையைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அன்றைக்கே பரிசோதனைக்குப் போக வேண்டும்.

எடை குறைக்கும் வார ஊசிகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. நல்ல மருந்துகள், தேவைப்படுவோருக்குப் பெரிய உதவி. கொழுப்போடு தசையும் குறையும் என்பதால், நமக்கு இருக்கிற கொஞ்சத் தசையைக் காப்பாற்றும் உடற்பயிற்சியும் புரதமும் சேராமல் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். மருந்துக் கடையில் நேரே வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அவற்றை வீடு வீடாகக் கொண்டுபோகும் சகோதரிகளுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அவர்கள் போகிற ஒவ்வொரு வீட்டிலும், நோய் இல்லாதவர்களின் இடுப்பளவையும் குறித்துக்கொள்ளும் வழக்கம் வர வேண்டும் என்பது என் கோரிக்கை. தையற்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் போதும், சில ரூபாய்தான் விலை. இந்தக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களால் சுற்றியுள்ள கிராமங்களில் விடுமுறை நாட்களிலேயே இதைச் செய்துவிட முடியும். முறையாக அளக்கும் விதத்தை ஒரு மதியத்தில் நானே வந்து சொல்லித் தருகிறேன்.

இங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வீட்டுக்குப் போய் உங்கள் இடுப்பையும் வீட்டில் உள்ள பெரியவர்களின் இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால், எடை எவ்வளவாக இருந்தாலும் சரி, இந்த மாதத்துக்குள் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.